ஆள் நிற்கும் பங்க்கும் ஆள் இல்லாத சார்ஜரும்

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னதாகக் கடலூருக்கு வந்து, மஞ்சக்குப்பத்தில் அம்மாவுடன் மூன்று வாரம் தங்கியிருந்தேன். அம்மாவுக்குக் கண் சிகிச்சை நடந்துகொண்டிருந்ததால் வாரத்துக்கு இரண்டு முறையாவது புதுச்சேரிக்குப் போய்வர வேண்டியிருந்தது. தம்பி சென்ற ஆண்டு ஒரு சிறிய மின்சாரக் கார் வாங்கியிருக்கிறான். அவனுக்கு விடுமுறை கிடைத்த நாட்களில் அதிலும், மற்ற நாட்களில் அப்பா விட்டுச்சென்ற பழைய பெட்ரோல் காரில் ஆக்டிங் டிரைவர் ஒருவரை வைத்துக்கொண்டும் போய்வந்தோம். இப்படி இரண்டு வகை வண்டியிலும் மாறி மாறிப் போனதால், பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் சேவையையும் சார்ஜ் செய்யும் இடத்தில் கிடைக்கும் சேவையையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. அமெரிக்காவில் பத்தொன்பது ஆண்டுகளாகக் கார் ஓட்டிவருகிறவள் என்பதால், போன இடமெல்லாம் இதைப் பற்றியே என்னிடம் கேட்டார்கள். நானும் அவர்களைக் கேட்டேன்.

கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆல்பேட்டை சோதனைச்சாவடியைத் தாண்டிய சில நிமிடங்களில் புதுச்சேரி எல்லை வந்துவிடும். பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வராமல் அந்தந்த அரசின் வாட் வரியிலேயே இருப்பதாலும், புதுச்சேரியின் வரி தமிழ்நாட்டின் வரியைவிடக் குறைவு என்பதாலும், எல்லையைத் தாண்டிப் போட்டால் லிட்டருக்குச் சில ரூபாய் மிச்சமாகும். அதனால் முள்ளோடை, கன்னியக்கோயில் பக்கத்து பங்க்குகளில் எந்த நேரமும் கூட்டம்தான்.

அங்கே ஒரு பங்க்கில் காலை வேளையில் இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் மூத்தவர் வேலை செய்யும் விதத்தைக் காருக்குள் இருந்தபடியே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருசக்கர வண்டிகள் இரண்டு வரிசையாக நிற்கும். வண்டி நகர்ந்து வரும்போதே "எவ்வளவு?" என்று கேட்டு, "நூறுக்கு" என்ற பதில் வந்ததும் இடது கையால் தொகையை அழுத்தி, "ஜீரோ பாத்துக்கோங்க" என்று சொல்லி, வாடிக்கையாளர் திரும்பிப் பார்க்கும்வரை ஒரு நொடி நின்று, பிறகே குழாயை டேங்க்கில் வைப்பார். முடிந்ததும் குழாயை எடுக்காமல் இரண்டு முறை மெல்ல உதறி, கடைசிச் சொட்டும் டேங்க்குக்குள்ளேயே விழுந்ததை உறுதிசெய்த பிறகுதான் எடுப்பார். அந்த உதறலை யாரும் அவரிடம் கேட்டுப் பெறவில்லை. ஒரு வண்டிக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஜிபே சத்தம் கேட்டதா என்று காது ஒரு பக்கம், அடுத்த வண்டிக்காரரின் கையிலுள்ள நோட்டில் கண் ஒரு பக்கம்.

பொங்கலன்று வீட்டுக்கு வந்த உறவினர்கள் என்னிடம் முதலில் கேட்டது, "அங்கெல்லாம் பெட்ரோல நீங்களேதான் இறங்கிப் போட்டுக்கணுமாமே?" என்பதுதான். நான் இருப்பது நியூ ஜெர்சி. அமெரிக்காவிலேயே வாடிக்கையாளர் தானாகப் பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வைத்திருக்கும் ஒரே மாநிலம் இன்று அதுதான். 1949இல் தீ விபத்து அச்சத்தைக் காரணமாகச் சொல்லிக் கொண்டுவந்த சட்டம் அது. ஒரிகன் மாநிலத்தில் 1951இல் வந்த அதே மாதிரியான தடையை 2023இல் நீக்கிவிட்டார்கள். நியூ ஜெர்சியில் நீக்க முயன்ற போதெல்லாம் மக்கள் விரும்பவில்லை. 2006இல் ஆளுநர் ஒருவர் சோதனை முறையில் தொடங்கலாம் என்று சொல்லிப் பார்த்து, எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டுவிட்டார். ஆகவே முள்ளோடையைப் போலவே நான் இருக்கும் எடிசன் ஊரிலும் நான் காரில் உட்கார்ந்திருப்பேன், ஒருவர் வந்து போடுவார். இதைச் சொன்னதும் சித்தப்பா முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டும். நம் பங்க்குகள் பின்தங்கியவை என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலும்.

ஆனால் எனக்குத் தானாகப் போட்டுக்கொள்ளும் பங்க்கும் தெரியும். 2006இல் ஒஹையோ மாநிலத்துக்குப் போன புதிதில், பனி கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவில், பம்ப்பின் முன்னால் நின்று அட்டையைச் செருகினேன். அது ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டைக் கேட்டது. என்னிடம் இருந்தது இந்திய வங்கி அட்டை. கடலூரின் ஆறு இலக்கப் பின்கோடு அதில் நுழையவில்லை. உள்ளே போய் முன்பணம் கட்டினால்தான் பம்ப் திறக்கும் என்பதும் தெரியவில்லை. பின்னால் நின்ற கார் ஒலி எழுப்பியது. அங்கே கேட்பதற்கு ஆள் இல்லை. தன்னியக்கச் சேவை என்பது, ஏற்கெனவே அந்த ஊரின் அட்டையும் முகவரியும் பழக்கமும் உள்ளவருக்கு மட்டுமே எளிது என்பதை அன்று கைவிரல் மரத்துப்போக நின்று தெரிந்துகொண்டேன்.

நம் ஊரிலும் இப்படி நாமே போட்டுக்கொள்ளும் தானியங்கி பங்க் வரலாமா என்று கேட்டபோது, எதிர்ப்புத் தெரிவிக்காதவர் அநேகமாக யாருமில்லை. சித்தப்பாவின் மகன் மட்டும், நாமே போட்டால் அளவில் ஏமாற்ற முடியாதே என்றான். அது தவறான கணக்கு என்பது என் எண்ணம். அளவு குறைந்தால் குறைவது இயந்திரத்தில். குழாயை யார் பிடித்தாலும் அது குறையத்தான் செய்யும். அதற்குத்தான் எடையளவுத் துறையின் முத்திரையும், கேட்டால் எடுத்துக்காட்ட வேண்டிய ஐந்து லிட்டர் அளவைக் கலனும் பங்க்கில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை. மேலும் இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் பாதிக்கு மேல் இருசக்கர வண்டிகளுக்கே போகிறது. நூறு ரூபாய்க்கும் இருநூறு ரூபாய்க்கும் போடுகிற நூற்றுக்கணக்கான பேர் ஒவ்வொருவராக இறங்கி, பணம் கட்டி, குழாயை எடுத்து, திரும்ப மாட்டுவதென்றால் அந்த வரிசை கன்னியக்கோயில் வரை நீண்டுவிடும்.

மின்சார வண்டியைப் பற்றிய கருத்துகள் இவ்வளவு ஒருமித்து இல்லை. ஸ்கூட்டர் என்றால் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூரில் மளிகைப் பொருட்களை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் எங்கள் பழைய பக்கத்து வீட்டுப் பையன், இரவில் வீட்டுத் திண்ணையில் சார்ஜ் போட்டுவிட்டுப் பகல் முழுதும் ஓட்டுகிறான். ஓசூரில் தயாராகும் ஐகியூபும் ஏத்தரும் தெருவுக்குத் தெரு தெரிகின்றன. 2022இல் சில ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த செய்தியை அம்மா இன்னும் மறக்கவில்லை. அதன் பிறகு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கினார்கள் என்று சொன்னாலும், திண்ணையில் வண்டி இரவெல்லாம் சார்ஜ் ஆவது அவருக்குப் பிடிக்கவில்லை.

கார் என்று வந்தால் பேச்சு மாறிவிடுகிறது. நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மாமா, "பழுப்பு நிலக்கரிய எரிச்சு வர்ற கரண்ட்லதான் ஓடுது, இதுல என்ன சுத்தம்?" என்று கேட்டார். அவர் வாழ்நாள் முழுதும் அந்தக் கொதிகலன்களோடு இருந்தவர்; அவர் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. நெய்வேலி புகை நம் மாவட்டத்தின் மேல்தான் படிகிறது, அதற்காக நிலம் கொடுத்தவர்களும் நம் மாவட்டத்தார்தான். அவரிடம் நான் சொன்னது இதுதான்: மின்கட்டமைப்பில் காற்றாலை மின்சாரமும் சூரிய மின்சாரமும் கூடக்கூட அதே கார் தானாகவே சுத்தமாகும், பெட்ரோல் காருக்கு அந்த வழி இல்லை. அவர் தலையை அசைத்தார், முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை.

புயல் பயம் அதைவிட ஆழமானது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் அதே கதை. அப்படிப்பட்ட நாளில் அம்மாவை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் என்ன செய்வாய் என்று தம்பியிடம் கேட்டேன். அதற்காகத்தான் பழைய காரை விற்கவில்லை என்றான். மின்சாரக் கார் வாங்கியவனே இப்படிச் சொல்கிறான் என்றால், வாங்காதவர்களின் தயக்கத்தை அறியாமை என்று சொல்வது நியாயமில்லை.

செலவுக் கணக்கும் விளம்பரத்தில் காட்டுகிற அளவு நேரானதில்லை. வீட்டில் 15 ஆம்பியர் பிளக்கில் போட்டால் மணிக்கு மூன்று யூனிட் சொச்சம்தான் ஏறும். 30 யூனிட் பேட்டரி நிறைய ஓர் இரவு ஆகிவிடும். அப்படியும் கிலோமீட்டருக்கு ஆகும் செலவு பெட்ரோலில் கால் பங்குக்குள் அடங்கிவிடுகிறது என்று தம்பி குறித்துவைத்திருக்கிறான். ஆனால் தமிழ்நாட்டில் அப்போது வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தாலும், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் விலைப்பட்டியலே மாறிவிட்டது. ஏசியும் காரும் ஒரே மீட்டரில் ஓடும் கோடையில் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருப்பது கடினம். மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பவர்களுக்கோ பிளக் போடும் உரிமையே இல்லை. புதுச்சேரியில் இரண்டாம் மாடியில் இருக்கும் என் தோழி, வாங்க ஆசைப்பட்டும் இதனாலேயே விட்டுவிட்டாள்.

இனி, சார்ஜர். கணவரை அழைத்துவரச் சென்னை விமான நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. தம்பிக்கு அன்று வேலை. பெட்ரோல் காரில் ஏசி பழுது. ஆகவே மின்சாரக் காரை ஆக்டிங் டிரைவர் ஓட்ட, நான் உடன் போனேன். போய்வர முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். திரும்பும் வழியில் ஒரு முறை சார்ஜ் செய்தே ஆக வேண்டும். வழியில் ஓரிடத்தில் சாலையோரமாக இரண்டு வேகச் சார்ஜர்கள் இருந்தன. ஆள் இல்லை. கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் அந்த நிறுவனத்தின் செயலியை இறக்கச் சொன்னது. இறக்கினால் இந்தியக் கைபேசி எண்ணைக் கேட்டது. என்னுடையது அமெரிக்க எண். டிரைவரின் கைபேசியில் இணையம் இல்லை. கடைசியில் தம்பியின் எண்ணைக் கொடுத்து, அவன் அலுவலகக் கூட்டத்திலிருந்து வெளியே வந்து ஓடிபியைப் படித்துச் சொல்ல, உள்ளே நுழைந்தேன். உடனே முன்கூட்டிப் பணம் போடச் சொன்னது. அதையும் தம்பி அனுப்பினான். இவ்வளவுக்கும் பிறகு இயந்திரம் பிழை என்று சிவப்பு விளக்கைக் காட்டியது.

ஒஹையோவின் அந்த இரவுதான் நினைவுக்கு வந்தது. இந்தத் தடவை அந்நியமான ஊர் என்னுடைய சொந்த ஊர்.

அப்போது எதிரில் டீக்கடை வைத்திருந்த பெரியவர் சாலையைக் கடந்து வந்தார். "அம்மா, இது ஒரு வாரமா ஓடல. அந்தப் பக்கத்து மிஷின்ல போடுங்க. கேபிள கொஞ்சம் தூக்கிப் பிடிச்சு அழுத்துங்க, கனம் தாங்காம இறங்கிடும்" என்றார். அவரே கேபிளைத் தோளில் தாங்கிக்கொண்டார். பச்சை விளக்கு எரிந்தது. யூனிட்டுக்கு இருபது ரூபாயை ஒட்டி ஆனது. முக்கால் மணி நேரத்தில் வீடு சேரும் அளவுக்கு ஏறிவிட்டது. அந்தப் பெரியவருக்கும் சார்ஜர் நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. வருகிறவர்கள் தவிப்பதைப் பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டாராம். எந்தக் காருக்கு எந்தப் பக்கம் மூடி திறக்கும் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. நாங்கள் டீ குடித்ததற்கு மட்டும் பணம் வாங்கிக்கொண்டார்.

பெட்ரோல் பங்க்கில் தானியங்கிச் சேவை வேண்டாம் என்று ஏறக்குறைய ஒரே குரலில் சொன்ன ஊரில், மின்சாரக் காரோடு சேர்ந்து அதே தானியங்கிச் சேவை யாரையும் கேட்காமல் உள்ளே வந்துவிட்டது. மின்சாரக் காரைப் பற்றி உறவினர்கள் சொன்ன குறைகளில் பேட்டரியைப் பற்றியவை கொஞ்சம்தான், "நடுவழியில நின்னா யாரக் கேக்குறது?" என்பதுதான் பலருடைய கேள்வி. ஒரு சார்ஜர் நிலையத்துக்குப் பகலில் ஒருவர், இரவில் ஒருவர், உரிய சம்பளத்தோடு இருந்தால் இந்தக் கேள்வி பெரும்பாலும் தீரும். முதியவர், கைபேசி பழகாதவர், என்னைப் போல் வெளிநாட்டு எண்ணோடு வருகிறவர் எல்லோரும் ரொக்கம் கொடுத்துப் போட்டுக்கொண்டு போகலாம். ஆள் வைத்தால் யூனிட் விலை கூடும் என்பார்கள். கூடட்டும், சம்பளம் கொடுத்துத்தான் பங்க்காரர்களும் இத்தனை ஆண்டுகளாக நடத்துகிறார்கள்.

அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, தம்பி மின்சாரக் காரை அதே முள்ளோடை பங்க்கில் காற்றடிக்க நிறுத்தினான். பங்க்கின் ஒரு மூலையில் சிமென்ட் மேடை கட்டி, கேபிளுக்காகப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். சார்ஜர் வரப்போகிறது என்றார் அந்த மூத்த பெண். அதற்கு ஆள் வைப்பார்களா என்று கேட்டேன். முதலாளி இன்னும் ஒன்றும் சொல்லவில்லை என்றார். பிறகு, எங்கள் காரில் எங்கே போடுவது என்று பார்க்க விரும்பினார். மூடியைத் திறந்து காட்டினேன்: மேலே வீட்டுச் சார்ஜருக்கான வட்டத்தில் ஏழு முனைகள், கீழே வேகச் சார்ஜருக்கான இரண்டு பெரிய முனைகள். குனிந்து பார்த்தவர், மழையில் ஷாக் அடிக்காதா என்று கேட்டார். காரும் சார்ஜரும் ஒன்றையொன்று சரிபார்த்து, பிளக் பூட்டிக்கொண்ட பிறகுதான் மின்சாரமே பாயும் என்று தம்பி விளக்கினான். அவர் ஒருமுறை மூடியைத் தானே மூடித் திறந்து பார்த்தார்.

"இதுல ஜீரோ எங்க பாக்குறது?" என்று கேட்டார்.

சார்ஜரின் திரையில் யூனிட் பூஜ்யத்திலிருந்து ஏறும் என்று தம்பி சொன்னான். அதற்குள் இரண்டு வண்டிகள் வந்து நின்றுவிட்டதால், கையைத் துடைத்துக்கொண்டு பம்ப்பருகே போய்விட்டார்.