வேலூர் வெயிலுக்கு எந்தக் கூரை: சீமை ஓடா, கலர் ஷீட்டா, கான்கிரீட் மேல் பதித்த ஓடா?

காட்பாடியிலோ ஆற்காட்டிலோ சாலையோரம் ஒரு சாப்பாட்டு மண்டபம். நீளம் 60 அடி, அகலம் 30 அடி. ஏ.சி. கிடையாது, மின்விசிறிதான். மதியம் 12 மணிக்குப் பந்தி தொடங்கினால் 3 மணி வரைக்கும் உள்ளே ஆள் உட்கார வேண்டும். இதற்கு என்ன கூரை போடலாம் என்று விசாரித்தால் மூன்று பதில்தான் கிடைக்கும். இரும்பு டிரஸ் (கூரையைத் தாங்கும் முக்கோணச் சட்டம்) மேல் சீமை ஓடு, அதாவது மங்களூர் ஓடு. அல்லது கலர் கோட்டிங் ஷீட். அல்லது சாய்வாகக் கான்கிரீட் போட்டு அதன்மேல் ஓடு பதிப்பது. கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு கூரையை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

முதலில் எடை. நான்கு புறமும் 2 அடி வெளியே நீட்டினால் கூரைக்குக் கீழ் வரும் இடம் 64-க்கு 34 அடி. இரண்டு பக்கச் சரிவு, 10 அடிக்கு 5 அடி ஏற்றம் என்று வைத்தால், சரிவின்மேல் அளக்கும்போது 2,433 சதுர அடி வரும். சதுரக் கணக்கில் (ஒரு சதுரம் 100 சதுர அடி) 24-க்குக் கொஞ்சம் மேல். இவ்வளவு பரப்புக்கும் ஷீட்டின் எடை ஏறக்குறைய 1 டன். சீமை ஓடு 10 டன். 5 அங்குலக் கான்கிரீட் தளம், மேலே பதிக்கும் ஓட்டைச் சேர்க்காமலே 70 டன். அஸ்திவாரம், தூண், கம்பி எல்லாம் இந்த எண்ணைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். ஓட்டுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஐப்பசி மழையில் நனைந்து ஊறிய ஓடு தன் எடையில் ஆறில் ஒரு பங்குவரை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். 10 டன் கூரை அப்போது 11½ டன்னைத் தாண்டிவிடும். டிரஸ் கணக்குப் போடும் பொறியாளரிடம் காய்ந்த எடையை மட்டும் சொன்னால் தவறாகிவிடும்.

அடுத்தது வெயில். வேலூரில் கூரையைப் பற்றிப் பேசினால் பாதிப் பேச்சு வெயிலைப் பற்றித்தான். ஷீட் அரை மில்லிமீட்டர் தகடு. காலை 10 மணிக்கே சூடேறிவிடும்; அதன் அடிப்பக்கம் கீழே இருப்பவர் தலைமேல் நேராக அனல் வீசும். சூரியன் சாய்ந்ததும் சீக்கிரம் ஆறியும் விடும். கான்கிரீட் இதற்கு நேர் எதிர். பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு இரவு 8 மணிக்குமேல் திருப்பிக் கொடுக்கும். பகலில் மட்டும் ஆள் இருக்கும் அலுவலகத்துக்கு அது பரவாயில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களும் உடன் வந்தவர்களும் இரவு தங்கிப் படுக்கிற விடுதிக்கு, மேல்மாடி அறைகளில், அதுவே பெரிய கொடுமை. சீமை ஓடு இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. களிமண் மெதுவாகச் சூடாகும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே உள்ள சந்துகளில் சூடான காற்று மேலே ஏறி வெளியேறிவிடும். மின்விசிறி மட்டுமே உள்ள மண்டபத்துக்கு அதனால் ஓடுதான் எங்கள் தேர்வு.

ஆனால் அந்தச் சந்துகளே ஏ.சி. போட்டால் பகையாகிவிடும். குளிர்ந்த காற்று ஓட்டு வழியே தப்பிக்கும், மின்கட்டணம் எகிறும். ஏ.சி. உள்ள துணிக்கடை, நகைக்கடை, பார்மசி என்றால் இரண்டு தகட்டுக்கு நடுவே ஃபோம் அடைத்த 50 மி.மீ. பஃப் பேனல்தான் சரி. அழகுக்காக ஓடுதான் வேண்டும் என்றால் கீழே காற்றுப் புகாத ஃபால்ஸ் சீலிங், அதன்மேல் 50 மி.மீ. ராக்வுல் (கல்பஞ்சு), அதற்கும் ஓட்டுக்கும் நடுவே காற்றோட்டமுள்ள இடைவெளி என்று செலவு இரட்டிக்கும்.

ஷீட்

இதைக் குறைத்துப் பேசத் தேவையில்லை. 10 அடிக்கு 1 அடி சரிவு போதும், டிரஸ் உயரம் குறையும். சரிவின் முழு நீளத்துக்கும் ஒரே துண்டாக ஷீட்டை அடித்து வாங்கினால் நடுவில் ஜாயின்ட்டே வராது. சோலார் தகடு மாட்ட இதைவிட எளிதான கூரை இல்லை. குடோனுக்கும் பட்டறைக்கும் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

கெட்டுப்போவது பெரும்பாலும் ஸ்க்ரூவில்தான். ஸ்க்ரூவின் அடியில் இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர், அதன் மேலுள்ள தகட்டு வாஷரின் விளிம்பிலிருந்து ஒரு நூலிழை அளவு பிதுங்கித் தெரிய வேண்டும். பிதுங்கவே இல்லையென்றால் தண்ணீர் இறங்கும். நசுங்கி அகலமாக வெளியே வந்துவிட்டால் இரண்டு கோடையில் வெடித்துவிடும். ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் கூடாது. நடுக்கூரையில் ஒரு மேடு விட்டு ஒரு மேடு போதும். இறவாரத்திலும் (கூரையின் கீழ் விளிம்பு) முகட்டிலும் ஒவ்வொரு மேட்டிலும் வேண்டும், காற்று தூக்குவது அந்த ஓரங்களைத்தான். துளை போடும்போது சிதறும் இரும்புத் தூளை அன்று மாலையே பெருக்கி எடுக்க வேண்டும். ஒரு மழை நனைந்தால் ஒவ்வொரு தூளும் ஒரு துருப்புள்ளி. 60 அடி நீள இரும்பு, 30 டிகிரி வெப்பம் கூடினால் ஆறரை மி.மீ. நீளும். தினமும் இப்படி நீண்டு சுருங்குவதில்தான் துளைகள் பெரிதாகின்றன.

சூட்டைத் தடுக்க அலுமினிய ஃபாயில் வாங்கிப் போடுவார்கள். பளபளக்கும் பக்கத்தை ஷீட்டோடு ஒட்டிப் போட்டால் அதனால் பலன் சொற்பம். பளபளக்கும் பக்கம் கீழே பார்த்தபடி, அதற்கு முன்னால் குறைந்தது 25 மி.மீ. காற்று இடைவெளி வேண்டும். மேலே பார்த்தபடி போட்டால் தூசி படிந்து ஒரு வருடத்தில் மங்கிவிடும். மழைச் சத்தத்துக்கு ஃபாயில் உதவாது. கண்ணாடிப் பஞ்சு போர்வைதான் உதவும். மேடைப் பேச்சு, பள்ளி வகுப்பு நடக்கும் இடத்தில் இதை விட்டுவிட்டால் கார்த்திகை முழுக்க யார் பேச்சும் யாருக்கும் கேட்காது.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கத்துத் தோல் குடோன்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். உப்பிட்ட பச்சைத் தோல் அடுக்கும் அறையில் ஷீட் அடிப்பக்கத்திலிருந்து அரிக்கும். வெட்டிய விளிம்பும் ஸ்க்ரூத் துளையும் முதலில் போகும். நன்றாக வெந்த ஓட்டை அந்த உப்பு அப்படி அரிப்பதில்லை. ஆனால் ஓட்டைத் தாங்கும் இரும்பை அரிக்கும். அங்கே டிரஸ்ஸை வெல்டிங் முடித்த பிறகு முழுதாக ஜிங்க் குளியலில் முக்கி எடுக்க வேண்டும், அல்லது மரத்தாலான கைமரத்துக்கு, அதாவது கூரையின் சாய்வுச் சட்டத்துக்கு, போக வேண்டும்.

கான்கிரீட் மேல் பதித்த ஓடு

மூன்றில் அதிகமாக ஏமாற்றுவது இதுதான். தண்ணீரைத் தடுப்பது கான்கிரீட், ஓடு வெறும் அலங்காரம். சிமென்ட் கலவையில் ஓட்டைப் பதித்ததும் ஓட்டின் பூட்டுப் பள்ளங்கள் கலவையால் அடைபட்டுவிடும். கலவையும் ஓடும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிவதால் சில வருடத்தில் ஓடு கழன்று டொக் டொக் என்று ஒலிக்கும். இடையில் புகுந்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் தளத்தின்மேலேயே நிற்கும். கசிவு தெரியும் இடம் ஒன்று, தண்ணீர் நுழைந்த இடம் வேறொன்று.

வார்ப்பிலும் சிக்கல் உண்டு. கலவை தளர்வாக இருந்தால் வழுக்கிக் கீழே இறங்கும். மேலே 3 அங்குலம், கீழே 7 அங்குலம் என்று தளம் முடியும். ஸ்லம்ப் (கலவையின் தளர்வை அளக்கும் எண்) 50-லிருந்து 75 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், கீழிருந்து மேலாக வார்க்க வேண்டும், 30 டிகிரிக்கு மேல் சரிவென்றால் மேல்பக்கமும் பலகை அடைக்க வேண்டும். ஊற்றும் தண்ணீர் நிற்காத சரிவில் ஈரச் சாக்கு விரிக்காமல் கியூரிங் (ஈரம் காத்து இறுகவைப்பது) நடக்காது.

ஏற்கெனவே சாய்வுத் தளம் இருக்கிறதென்றால் ஒரு நல்ல வழி உண்டு. தளத்தின்மேல் சரிவை ஒட்டி மேலிருந்து கீழாக 2 அடிக்கு ஒன்று என 25 மி.மீ. ஜி.ஐ. பைப்பை ஆங்கரில் இறுக்கி, ஆங்கர் துளைகளைச் சீலன்ட் வைத்து அடைத்து, அதற்குப் பிறகு வாட்டர்ப்ரூஃப் பூச்சு. அந்தப் பைப்புகளின் குறுக்கே ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ரீப்பரில் தொங்கும் ஓடு. இப்போது தளத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே காற்று ஓடும். இறவாரத்திலும் முகட்டிலும் அதைத் திறந்துவிட்டு, அணிலும் குருவியும் புகாமல் வலை அடித்தால் போதும்.

ஏலகிரியில் ஆல்ப்ஸ் கூரை

சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏலகிரியில் செங்குத்தான முக்கோணக் கூரையோடு விடுதிகள் எழுகின்றன. வெண்பனி கொட்டும் நாடுகளின் வடிவம் அது. அங்கே நாள்பட்டு இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேலும் இருக்கும். சரிந்து விழுந்தால்தான் கூரை தப்பும். நிறைய ஆள் நடக்கும் கடை வாசலில் மொத்தமாக விழக் கூடாது என்பதால் பனியைத் தடுத்து நிறுத்தும் கொக்கிகளையும் ஓட்டில் வைக்கிறார்கள். அங்கே ஓட்டுக்கு முதல் எதிரி உறைதல். ஊறிய தண்ணீர் பனிக்கட்டியானால் சுமார் 9 சதம் பருக்கும், ஓடு செதில் செதிலாக உதிரும். நம் சீமை ஓடு அந்த ஊரில் நிற்காது. ஏலகிரியில் அந்தப் பயமே இல்லை.

பனி நாடுகளிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கூரையின் வடிவத்தை அல்ல, ஓட்டுக்கு அடியில் விடும் காற்று இடைவெளியைத்தான். கட்டடத்தின் உள்சூடு மேலே ஏறி, பனியின் அடிப்பாகத்தை உருக்கி, அந்தத் தண்ணீர் குளிர்ந்த இறவாரத்தில் மறுபடி உறைந்து அணைபோல் நிற்கும். பின்னால் தேங்கும் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறும். இதைத் தடுக்கத்தான் அவர்கள் ஓட்டுக்கு அடியில் காற்று ஓட விடுகிறார்கள். அங்கே உள்சூடு பனியைத் தொடாமல் காக்கும் அதே இடைவெளி, இங்கே வெயில் சூடு உள்ளே இறங்காமல் காக்கிறது. 45 டிகிரிக்கு மேல் செங்குத்தாக்கினால் ஒவ்வோர் ஓட்டையும் கம்பியால் கட்டியாக வேண்டும். ஏலகிரியில் குரங்குகளுக்காகவும் அப்படிக் கட்டுவது நல்லது. கட்டாத ஓட்டை அவை ஒரே இழுப்பில் நகர்த்திவிடும்.

சீமை ஓடு போடும்போது

1865-இல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கிய ஓடு இது. மேல் ஓட்டின் விளிம்பு கீழ் ஓட்டின் பள்ளத்தில் பூட்டிக்கொள்ளும். அந்தப் பூட்டு சூளைக்குச் சூளை கொஞ்சம் மாறும். வீடு இடித்த பழைய ஓட்டை மலிவாக வாங்குகிறவர்கள் எல்லாவற்றிலும் ஒரே முத்திரை இருக்கிறதா என்று பார்த்து எடுக்க வேண்டும். கலந்து போட்டால் ஒவ்வொரு வரிசையிலும் ஒழுகும்.

ஓடு வந்ததும் சுண்டிப் பார்க்கலாம். கணீர் என்று ஒலித்தால் நன்றாக வெந்தது. அதைவிட நம்பகமானது தராசு. காய்ந்த ஓட்டை நிறுத்து, 24 மணி நேரம் தண்ணீரில் போட்டு, துடைத்து மறுபடி நிறுக்க வேண்டும். 2.6 கிலோ ஓடு 3.12 கிலோவைத் தாண்டினால் அந்த லாரியைத் திருப்பி அனுப்பலாம். 20 சதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும் ஓடு அது.

ரீப்பர் இடைவெளியை யாரும் வாய்க்கணக்கில் சொல்லக் கூடாது. 11 ஓட்டை ஒரே வரிசையாகத் தரையில் பூட்டி வைத்து, நெருக்கித் தள்ளி ஓர் அளவு, பூட்டு விடாமல் இழுத்து ஓர் அளவு. முதல் ஓட்டின் தலையிலிருந்து 11-ஆவது ஓட்டின் தலை வரைக்கும் அளந்து, இரண்டுக்கும் சராசரி எடுத்து 10-ஆல் வகுத்தால் இடைவெளி கிடைக்கும். பொதுவாக 320 மி.மீ. சுற்றி வரும். வெல்டர் 12½ அங்குலம் என்று பழக்கத்தில் வைத்துவிட்டு, ஓடு அதற்குப் பொருந்தாமல் போனால் முழுக் கூரையையும் அறுத்துத்தான் சரிசெய்ய வேண்டும்.

நம் மண்டபத்துக்குச் சதுரத்துக்கு 150 வீதம் 3,650 ஓடு; உடைசலுக்கு 5 சதம் சேர்த்து 3,830. முகட்டில் கவிழ்க்கும் மோட்டு ஓடு 65. ஒரு பக்கத்துக்கு 19 ரீப்பர், இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 2,430 அடி. 6 மீட்டர் பைப்பில் 125. விலை மாதத்துக்கு மாதம் மாறும், இந்த எண்கள் மாறாது.

ஓட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரிக்கும்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். கைமரத்தின்மேல் பிளாஸ்டிக் ஷீட்டை இழுத்துக் கட்டி, அதன்மேலேயே ரீப்பரைக் குறுக்கே வைத்துவிடுவார்கள். ஓட்டைத் தாண்டி வரும் தண்ணீர் ஒவ்வொரு ரீப்பருக்குப் பின்னாலும் தேங்கி, வெல்டிங் துளைகளில் இறங்கும். ஷீட்டுக்கு மேலே, ஒவ்வொரு கைமரத்தின்மேலும் சரிவை ஒட்டி ஓர் அங்குலச் சட்டம் வைத்து, அதன்மேல்தான் ரீப்பர் வர வேண்டும். தண்ணீர் அந்தச் சந்தில் இறவாரம்வரை ஓடிவிடும், சூடும் அதே வழியில் மேலே போகும்.

இறவாரத்தை ஒட்டிய முதல் இரண்டு வரிசையையும், பக்கவாட்டு விளிம்பு வரிசைகளையும், மோட்டை ஒட்டிய வரிசையையும் ஓட்டின் அடியில் காதுபோல் நீட்டிய பகுதியில் உள்ள துளை வழியே கம்பியால் ரீப்பரோடு கட்ட வேண்டும். மோட்டு ஓட்டுக்குக் கலவையை இரண்டு ஓரத்தில் மட்டும் வைத்து நடுவை வெறுமையாக விட வேண்டும். முழுதாக அடைத்தால் இரும்பு நீளும்போது விரிசல் விடும்.

வேலை முடிந்ததும் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்துப் பார்க்கும்போது கீழிருந்து தொடங்க வேண்டும். இறவாரத்தில் 10 நிமிடம், பிறகு நாலு வரிசை மேலே, பிறகு இன்னும் மேலே. முகட்டில் தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், எந்த ஓடு ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. புரட்டாசிக்குள் இதை முடித்துவிட்டால் ஏணி எடுத்து ஓட்டை மாற்ற இன்னும் காய்ந்த நாட்கள் மிச்சமிருக்கும்.