எங்கள் ஸ்பொன்சர் ஃபைலில் எனக்கு இல்லாத ஒரு மச்சாள்

கனடாவிலிருந்து கணவனையோ மனைவியையோ ஸ்பொன்சர் பண்ண, அதாவது பொறுப்பேற்று இங்கே கூப்பிடப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எழுதுவதா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தேன். "விடு பிள்ளை, நாளைக்கு முகத்தில் முழிக்க வேண்டிய ஆட்கள்" என்று சித்தி தடுத்தார். ஆனால் போன கிழமை என்னோடு வேலை செய்கிற ஒரு தங்கச்சி, எங்கள் ஃபைலைக் குழப்பிய அதே ஆளிடம் காசு கட்டப் போவதாகச் சொன்னாள். அதற்குப் பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு 2023 ஆவணியில் யாழ்ப்பாணத்தில் கலியாணம் நடந்தது. அடுத்த வருடம் ஸ்காபரோவில், தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த ஆளிடம் போனேன். வரிக் கணக்குச் செய்கிற ஒரு கடையின் பின்னறையில் மேசை போட்டிருந்தார். "தங்கச்சி, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், எல்லாம் அண்ணா பார்த்துக்கொள்வேன்" என்றார். 3,500 டொலர் கேட்டார். அதில் 2,000 அரசாங்கக் கட்டணம், மிச்சம்தான் தனக்கு என்றார். காசாகவே கொடுத்தேன். ரசீது கேட்டபோது, "என்ன, நம்பிக்கை இல்லையோ?" என்று சிரித்தார். எனக்குத்தான் கூச்சமாகிப் போனது, திரும்பக் கேட்கவில்லை.

அந்தக் கட்டணத்தை நான் அன்றைக்கே அரசாங்கத்தின் இணையத்தளத்தில் பார்த்திருக்கலாம். 2024 ஏப்ரல் 30-இல் வந்த அப்போதைய கட்டணப்படி ஸ்பொன்சர் செய்பவருக்கு 85 டொலர், வருகிறவரின் விண்ணப்பத்துக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575. எல்லாம் சேர்த்து 1,205. கைரேகைக்கு இன்னொரு 85. ஆக அப்போது 1,290 டொலர்தான். மீதி 710 டொலர் எங்கே போனது என்று இன்றுவரை எனக்குப் பதில் இல்லை.

அதோடு விடவில்லை. என் சம்பளம் போதாது, இன்னும் 800 டொலர் தந்தால் நல்ல சம்பளம் போட்டு ஒரு வேலைக் கடிதம் எடுத்துத் தருகிறேன் என்றார். நான் அப்போது பகுதிநேர வேலையில் இருந்தேன், பயந்து போனேன். வங்கியில் காசு எடுக்கப் போன அன்று ஒரு சிநேகிதி ஃபோனில் சொன்னதால்தான் தப்பினேன். கணவன் மனைவியை ஸ்பொன்சர் பண்ணப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் என்று ஒன்று கிடையாது. பெற்றோரைக் கூப்பிடுகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. இங்கே கேட்பது, நீங்கள் சமூக உதவிப் பணத்தில் இருக்கக் கூடாது என்பதுதான், உடல் இயலாமைக்காக எடுப்பவர்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. அந்தப் பொய்க் கடிதம் மட்டும் ஃபைலுக்குள் போயிருந்தால் இன்றைக்கு என் நிலைமையை நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

விண்ணப்பம் போனது. போர்ட்டல் என்கிற அரசாங்கத்தின் இணைய விண்ணப்பத் தளத்தில் கணக்கை அவரே தன் மின்னஞ்சலில் திறந்தார், பாஸ்வேர்டும் அவரிடம்தான். கேட்கும் போதெல்லாம் "இப்போது எல்லாருக்கும் சுணங்குது தங்கச்சி" என்பதே பதில். பிறகு ஃபோன் எடுப்பதையும் நிறுத்திவிட்டார். 2025 மார்ச் தொடக்கத்தில், வேறு வழி தெரியாமல் எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகத்துக்குப் போனேன். குடிவரவு அலுவல்களில் நிலைமை விசாரித்துச் சொல்ல அங்கே ஆட்கள் இருக்கிறார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு விசாரித்தார்கள். இரண்டு நாளில் அங்கே வேலை செய்கிற பெண் கூப்பிட்டுச் சொன்னார்: "உங்கள் கணவருக்கு மூன்று கிழமைக்கு முதலே ஒரு கடிதம் போயிருக்கிறது. 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் இன்னும் பதில் போடவில்லை."

அந்த ஆளின் கடை வாசலில் போய் நின்றேன். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பாஸ்வேர்ட் வந்தது. சமையலறை மேசையில் இருந்துகொண்டு முழு ஃபைலையும் முதல் தடவையாக அன்றைக்குத்தான் வாசித்தேன்.

உறவைப் பற்றிக் கேட்கிற ஐஎம்எம் 5532 என்ற படிவத்தில் நாங்கள் நல்லூர்த் திருவிழாவில் சந்தித்ததாக எழுதியிருந்தது. எங்களுடையது பேசிச் செய்த கலியாணம். நிச்சயதார்த்தத்துக்கு "கணவரின் தங்கை" வந்ததாக இருந்தது. என் கணவருக்குக் கூடப்பிறந்தவர்களே கிடையாது. யாரோ ஒரு பிள்ளையின் கதையை எடுத்து, பெயரை மட்டும் மாற்றி எங்கள் ஃபைலில் ஒட்டியிருக்கிறார். எங்கள் கதையோ வேறு யாருடைய ஃபைலில் கிடக்கிறதோ. அந்தப் படிவத்தில் கடைசிப் பக்கத்தை மட்டும் நீட்டிக் கையெழுத்துக் கேட்டபோது, நான் மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அதைவிடப் பெரிய இடி, வருகிறவரின் பின்னணியைக் கேட்கிற ஷெடியூல் ஏ படிவத்தில். கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு எப்போதாவது விசா மறுத்ததா என்ற கேள்விக்கு "இல்லை" என்று போட்டிருந்தார். என் கணவருக்கு 2017-இல் இங்கிலாந்து மாணவர் விசா மறுக்கப்பட்டது. அதை முதல் நாளே நாங்கள் வாயால் சொன்னோம், அந்தக் கடிதத்தின் பிரதியையும் கொடுத்தோம். தேவையில்லாத கேள்விகள் வரும், அதனால்தான் விட்டேன் என்று அந்த ஆள் பிறகு சொன்னார். கனடாவும் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் தங்களுக்குள் குடிவரவுத் தகவல் பகிர்கின்றன. கைரேகை வைத்த பிறகு இதில் மறைக்க என்ன இருக்கிறது? மறுக்கப்பட்ட விசா ஒன்றும் குற்றமில்லை, சொல்லியிருந்தால் ஒரு வரியோடு போயிருக்கும். மறைத்ததுதான் பொய்த் தகவல் ஆகிவிட்டது, அந்த 30 நாள் கடிதமும் அதற்காகத்தான் வந்திருந்தது. பொய்த் தகவல் என்று உறுதியானால் ஐந்து வருடம் கனடாவுக்குள் வர முடியாது, அந்த ஐந்து வருடமும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

அதைவிட என்னை உலுக்கிய விஷயம், அந்த ஆளின் பெயர் ஃபைலில் எங்கேயும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறவர் ஐஎம்எம் 5476 என்ற பிரதிநிதிப் படிவத்தில் தன் பெயரும் உரிம எண்ணும் போட வேண்டும். அது போடப்படவே இல்லை. அரசாங்கத்தைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் இல்லை, அத்தனை பொய்யும் என் கணவர் தன் கையால் எழுதியது. கனடாவில் சட்டத்தரணிகள், சட்டச் சங்கத்தின் உரிமம் உள்ள பராலீகல்கள் (சட்டத்தரணிக்கு அடுத்த நிலையில் சட்ட வேலை செய்கிறவர்கள்), கியூபெக்கின் நொத்தாரிசுகள், குடிவரவு ஆலோசகர்களுக்கான கல்லூரியில் பதிவுபெற்றவர்கள் மட்டும்தான் காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்யலாம். கல்லூரி என்றால் படிக்கிற இடம் இல்லை, 2021 நவம்பரில் தொடங்கிய ஒழுங்குமுறை அமைப்பு. அதன் இணையத்தளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது. அந்த ஆளின் பெயரைத் தட்டினேன், ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிஷ வேலை. அதை முதலிலேயே செய்யாததற்கு என்னை நானே நொந்துகொள்கிறேன்.

அடுத்த நாளே ஒரு சட்டத்தரணியைப் பிடித்தோம். இந்தத் தடவை ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் போனேன். அவர் முதலில் கால நீட்டிப்புக் கேட்டார், கிடைத்தது. நடந்ததை அப்படியே எழுதி இருவரும் சத்தியக் கடதாசி கொடுத்தோம். 2017 மறுப்புக் கடிதத்தை நாங்கள் அந்த ஆளுக்கு அனுப்பிய பழைய வாட்ஸ்அப் செய்தி என் ஃபோனில் இருந்தது. தேதியோடு அதை எடுத்து வைத்தோம். அதுதான் எங்களைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ஆனால் "நான் வாசிக்கவில்லை, அவர் நிரப்பினார்" என்று சொன்னால் எல்லாருக்கும் மன்னிப்புக் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம் என்று சட்டத்தரணி தெளிவாகச் சொன்னார். கையெழுத்து யாருடையதோ அவருக்குத்தான் பொறுப்பு.

ஏழு மாதம் கழித்து, பொய்த் தகவல் என்ற அந்தக் குற்றச்சாட்டு விலகியது. அதற்குள் என் கணவரின் மருத்துவப் பரிசோதனை காலாவதியாகிவிட்டது. அது 12 மாதத்துக்குத்தான் செல்லும், திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் இன்னும் யாழ்ப்பாணத்தில்தான். எங்கள் இரண்டாவது கலியாண நாளையும் ஃபோனில்தான் கொண்டாடினோம்.

அந்த ஆள் 1,500 டொலரை ஒரு கவரில் போட்டுச் சித்தி வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். வெளியே கதைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாராம். நான் அந்த ஆலோசகர் கல்லூரிக்கும் எழுதினேன், கனடாவின் எல்லைச் சேவை முகமைக்கும் தகவல் கொடுத்தேன். கல்லூரியால் தன் உறுப்பினர்களைத்தான் ஒழுங்கு நடவடிக்கைக்கு இழுக்க முடியும், பதிவே இல்லாதவரை விசாரிக்க வேண்டியது எல்லைச் சேவை முகமைதான்.

ஏற்கனவே இப்படி ஒருவரிடம் ஃபைலைக் கொடுத்துவிட்டு இருக்கிறீர்களா? இன்றைக்கே போர்ட்டலின் பாஸ்வேர்டைக் கேளுங்கள். தராவிட்டால் எம்.பி. அலுவலகத்துக்குப் போங்கள். ஐந்து டொலர் கட்டித் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பையே கேட்டு எடுக்கலாம், அதில் அதிகாரி எழுதிய குறிப்புகளும் வரும். ஃபைலில் பிழை இருந்தால், அவர்கள் கேட்க முதல் நீங்களே குடிவரவுத் துறையின் இணையப் படிவம் (வெப்ஃபோர்ம்) மூலம் திருத்தி அனுப்புங்கள். மறுப்பே வந்துவிட்டாலும், வெளிநாட்டிலிருந்து வருகிற துணைக்காகக் குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் பண்ணியிருந்தால் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 30 நாள்தான், அந்தக் கடிதமும் அந்த ஆளின் மின்னஞ்சலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.