ஹட்டனில் எக்கோ ஸ்கேன்: கையோடு காலிலும் பிரஷர் பார்த்த இடம்

சின்னவனுக்கு 11 வயசு. தோட்டத்துப் படிக்கட்டு ஏறினாலே கெண்டைக்கால் வலிக்கிறது என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான், அடிக்கடி மூக்கில் ரத்தம் வேறு. மலையில் வளர்கிற பிள்ளைக்குக் கால் வலிக்காதா என்று நாங்களும் விட்டுவிட்டோம். இரண்டு இடத்தில் காட்டினேன். ஓரிடத்தில் பிரஷரே பார்க்கவில்லை, மற்ற இடத்தில் ஒரு கையில் மட்டும் பார்த்து, 'கொஞ்சம் கூடத்தான், பயத்துல இருக்கும்' என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. கடைசியில் ஸ்கூல் மெடிக்கலில்தான் நெஞ்சில் ஓர் இரைச்சல் கேட்கிறது, எக்கோ, அதாவது இருதய ஸ்கேன், எடுங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள்.

அப்படித்தான் ஹட்டனில் இந்த இடத்துக்குப் போனோம். டொக்டர் மெஷினைத் தொடவே இல்லை, முதலில் இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தார், அப்புறம் காலில் பார்த்தார். பிரஷரின் மேல் அளவு கையில் 148, காலில் 102. காலில் கையை விடக் குறையக் கூடாதாம். என் விரலைப் பிடித்துப் பிள்ளையின் மணிக்கட்டில் வைத்தார், நாடி முட்டி முட்டி அடித்தது. அதே விரலைத் தொடை இடுக்கில் வைத்தார், தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. "விளங்குதா அம்மா?" என்றார். விளங்கிவிட்டது, கண் நிறைந்துவிட்டது.

பிறகு ஸ்கேன். இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்துப் பார்த்தார், முடிவில் தோளுக்கடியில் தலையணை கொடுத்துக் கழுத்துக் குழியில் வைத்துப் பார்த்தார். இருதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயான பெருநாடி வளைந்து கீழே இறங்கும் இடம் அங்கிருந்துதான் தெரியுமாம். மூத்தவளின் விஞ்ஞானப் புத்தகத்தில் தொகுதிப் பெருநாடி என்று வருமே, அதேதான். இடது கைக்குப் போகிற நாடி பிரிந்த உடனேயே அந்தக் குழாய் சுருங்கிப் போயிருக்கிறது, பிறவியிலேயே. நாங்கள் தண்ணி பிடிக்கிற பீலிக்கு வரும் கறுப்புக் குழாயை நடுவில் மிதித்தது போல என்றார்: மிதித்த இடத்துக்கு மேலே அழுத்தம் ஏறும், தலைக்கும் கைக்கும் அதுதான் நடக்கிறது, மூக்கில் ரத்தம் அதனால், கீழே காலுக்குத் தண்ணி சொட்டும் அளவுதான். எங்கள் லயத்தில் வளர்ந்தவர் மாதிரி சொன்னார்.

கூடவே இன்னொன்றும் இருந்தது. பெருநாடி வால்வுக்கு மூன்று இதழ் இருக்க வேண்டும், இவனுக்கு இரண்டுதான். 100 பேரில் ஒருவர் இருவருக்கு இப்படி உண்டாம், குழாய் சுருங்கிய பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்குமாம். இப்போதைக்கு வால்வு நன்றாகத் திறக்கிறது. ஆனால் வயசு போகப் போக இறுகலாம், ஒழுகலாம், அதற்கு மேலே உள்ள பெருநாடியும் விரியலாம், அதனால் காலம் பூராகவும் எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். பல் சொத்தையையும் விட்டு வைக்கக் கூடாது, வாயில் இருக்கும் கிருமி ரத்தத்தோடு போய் இந்த வால்வில் ஒட்டிக்கொள்ளலாம்.

வைத்தியம் கண்டியில். பலூனால் விரித்து ஸ்டென்ட் என்கிற கம்பிவலைக் குழாய் வைப்பதா, சுருங்கிய துண்டை வெட்டியெடுத்து முனைகளைத் தைப்பதா என்று சி.டி. ஸ்கேன் பார்த்துத்தான் சொல்வார்கள். நான் நடுங்குவதைப் பார்த்து, "இது நேத்து வந்த ஒப்பரேஷன் இல்லம்மா, 1944லயே சுவீடன்ல செஞ்சது" என்றார்.

குறை இல்லாமல் இல்லை. ரூம் இரண்டாம் மாடியில், இருதய நோயாளி படியேறியா போவது? நம்பர் 9, இரண்டரை மணித்தியாலம் காத்திருந்தோம். ரிப்போர்ட் முழுக்க ஆங்கிலம், நான் கேட்ட பிறகுதான் நர்ஸ் மிஸ் பின்பக்கத்தில் தமிழில் நாலு வரி எழுதித் தந்தார், கேட்காத தாய்மாருக்கும் எழுதிக் கொடுக்கலாமே. காசு, என் ஒரு வாரச் சம்பளம். ஆனாலும் ஐந்துக்கு நாலரை போடுவேன்.

இரண்டு இதழ் வால்வு குடும்பத்திலும் வரலாம் என்று எங்கள் எல்லாரையும் எக்கோ எடுக்கச் சொன்னார். எனக்கும் மூத்தவளுக்கும் எடுத்தாயிற்று, மூன்று இதழும் இருக்கிறது. வீட்டுக்காரர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து வேலை முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே இருந்தார், நானே போன் போட்டு வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு நம்பர் எடுத்துவிட்டேன், நம்பர் 3.