தோற்றபின் என்ன நடக்கிறது: ஜீரோரேஞ்சரும் கிரிம்சன் க்ளோவரும்

திரையின் அடியில் ஒரு விமானம், மேலிருந்து இறங்கும் எதிரிகள், விடாமல் பொழியும் தோட்டாக்கள்: செவியஸ், 1942 போன்ற ஆட்டங்கள் 1980களில், காசு போட்டு வீடியோ கேம் ஆடும் கூடங்களான ஆர்கேட்களில் நிலைநிறுத்திய இந்த அமைப்பைச் சிறு படைப்பாளிகள் இன்னும் கைவிடவில்லை. அவர்களின் படைப்புகளில் நான் அருகருகே வைத்துப் பார்ப்பவை இரண்டு. ஒன்று, பின்லாந்தின் சிஸ்டம் எரேஷர் என்ற குழு 2018இல் வெளியிட்ட ஜீரோரேஞ்சர். மற்றொன்று, ஜப்பானில் 2011இல் உருவாகி, 2014இல் வேர்ல்டு இக்னிஷன் என்ற பதிப்பாக, கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக்கடைக்கு வந்த கிரிம்சன் க்ளோவர்.

ஜீரோரேஞ்சரைப் பச்சை, ஆரஞ்சு என்னும் இரண்டே நிறங்களில் வரைந்திருக்கிறார்கள். கண்ணுக்குச் சலிப்பூட்டுகிறது என்று சிலர் குறைப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் நெரிசலான கட்டங்களிலும் எது தோட்டா, எது பின்னணி என்ற குழப்பம் பெரும்பாலும் வருவதில்லை. கிரிம்சன் க்ளோவரில் நிலைமை நேர்மாறு. வெடிப்புகளும் பொறுக்க வேண்டிய நட்சத்திரங்களும் திரையை நிறைத்துவிடுவதால், செத்த பிறகுதான் தன்னைக் கொன்ற தோட்டா எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருக்கிறது என்பது அதன் மீதான பழைய புகார்.

ஆனாலும் அந்த ஆட்டத்தின் உயிர் அதே ஆரவாரத்தில்தான் இருக்கிறது. எதிரிகளை வீழ்த்த வீழ்த்த ஒரு அளவுமானி நிறைகிறது. அது முழுதும் நிறைந்தால் பிரேக் நிலைக்குச் சென்று சுடும் வலிமையைப் பன்மடங்காக்கலாம், அந்நிலையிலேயே மீண்டும் நிரப்பினால் இரட்டை பிரேக்குக்கும் போகலாம். வெடிகுண்டும் அதே மானியிலிருந்துதான் செலவாகிறது. ஆகவே, தோட்டாச் சுவர் ஒன்று நெருங்கும் அரை நொடியில், குண்டைப் போட்டு உயிரைக் காப்பதா, இன்னும் சிறிது பொறுத்து மானியை நிரப்புவதா என்று விரல் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்காகவே திரும்பத் திரும்ப ஆடுகிறவர்களில் நானும் ஒருவன்.

ஜீரோரேஞ்சர் தோல்வியை வேறு விதமாக நடத்துகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் சேரும் மதிப்பெண்கள் திரண்டு, செத்த இடத்திலிருந்து தொடரும் வாய்ப்புகளாக மாறுவதால், மோசமாக ஆடிய நாளும் வீணாவதில்லை. இவ்வகைக்குப் புதியவர்கள் இதைப் பாராட்டுவதில் வியப்பில்லை. (முடிவை முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் இப்பத்தியின் எஞ்சிய பகுதியைத் தாண்டிவிடலாம்.) இப்படி அரவணைக்கும் ஆட்டம்தான், இறுதியில், சேமித்த முன்னேற்றம் அனைத்தையும் பணயம் வைக்கச் சொல்கிறது; தோற்றால் உண்மையாகவே எல்லாம் அழிந்துவிடும். இதைக் கொடுமை என்று சிலர் விலகினார்கள், கதையோடு பொருந்திய துணிச்சல் என்று சிலர் கொண்டாடினார்கள். என் சேமிப்பும் அழிந்தது. அன்றிரவு கடுப்பாக இருந்தாலும், மறுமுறை தொடங்கியபோது முன்பு திணறிய முதல் கட்டங்களைக் கை தானாகவே கடந்துவிட்டதால், இரண்டாம் தரப்போடுதான் நிற்கிறேன்.

மதிப்பெண் வேட்டைதான் குறி என்றால் கிரிம்சன் க்ளோவரையே எடுக்க வேண்டும். அதில் எளிய நிலையும் உண்டு என்பதால் தொடக்கக்காரர்கள் அஞ்சத் தேவையில்லை. ஒரே அறையில் நண்பர்களோடு ஆட விரும்புகிறவர்களுக்கு இரண்டுமே ஏற்றவை அல்ல. நால்வர் வரை சேர்ந்து ஆடக்கூடிய ஜேம்ஸ்டவுன் என்ற இதே வகை ஆட்டம் 2011 முதலே இருக்கிறது. ஆனால் பிந்தைய கட்டங்களைத் திறக்க, முந்தையவற்றைக் கடினமான நிலையில் முடித்தாக வேண்டும் என்ற அதன் விதி, நால்வரில் பொறுமை குறைந்தவரை முதலில் எழுந்து போகச் செய்துவிடும்.