சினிபை: வீட்லயே கட்டுன சினிமா கேமரா எப்படி இருக்கு?
ராஸ்பெர்ரி பை 5 போர்டு (கையளவு குட்டி கம்ப்யூட்டர்), அதோட ஹெச்க்யூ கேமரா மாட்யூல், இத சினிமா கேமராவா மாத்துற சினிபை சாஃப்ட்வேர், மூணையும் வச்சு ஒருவழியா கட்டி முடிச்சாச்சு. 12 பிட் ரா (சென்சார் பதிஞ்சத ப்ராசஸ் பண்ணாம அப்படியே சேவ் பண்றது), ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி டிஎன்ஜிங்கிற ரா ஃபோட்டோ ஃபைலா விழுது, கலர் பண்ணும்போது இருட்டுல இருந்த முகத்த லேசா தூக்கினா தோல் கலர் அப்படியே நிக்குது, என் மொபைல்ல இதெல்லாம் நெனச்சே பாக்க முடியாது. ஆனா 2028க்கு 1080 பிக்சல்ல, செகண்டுக்கு 24 ஃப்ரேம்னா டேட்டா செகண்டுக்கு கிட்டத்தட்ட 80 எம்பி, மெமரி கார்டு தாங்காது, நான் கஞ்சத்தனமா கார்டுலயே ட்ரை பண்ணி பாதி ஷாட் போச்சு, அப்புறம்தான் எஸ்எஸ்டி (கார்டவிட வேகமான ஸ்டோரேஜ் டிரைவ்) வாங்கினேன். சென்சார் ரொம்ப குட்டி, 16 எம்எம் லென்ஸ் போட்டாலே ஃபுல் ஃப்ரேம் கேமரால (35 எம்எம் ஃபிலிம் சைஸ் சென்சார்) 88 எம்எம் மாதிரி டைட்டா இருக்கு, சின்ன ரூம்ல செவுத்தோட ஒட்டி நின்னுதான் எடுக்கணும். ஆட்டோஃபோகஸ் கெடையாது, மைக்கும் தனியா வாங்கணும் (போர்டோட கூலிங் ஃபேன் சத்தம் வேற). நோண்டுற பொறுமை இருந்தா ஷார்ட் ஃபிலிமுக்கு தாராளமா கட்டலாம், கல்யாண ஷூட்டுக்கு மட்டும் தூக்கிட்டு போயிடாதீங்க.