கமரா உடலா, லென்ஸா? வன்னியில் கெனன் 700டி-யுடன் பெற்ற அனுபவம்

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் திருவிழா என்று படமெடுக்கத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் என்னிடம் கேட்கும் முதற்கேள்வி, சேர்த்து வைத்த பணத்தில் புதிய கமரா வாங்குவதா அல்லது இருக்கும் கமராவுக்கு நல்ல லென்ஸ் வாங்குவதா என்பதே. 2013இல் வெளிவந்த கெனன் 700டி-யை அண்மைக்காலம் வரை முதன்மைக் கமராவாக வைத்துத் தொழில் செய்தவன் என்ற வகையில், முதலில் லென்ஸைத்தான் வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆயினும் எந்த இடத்தில் அந்த விடை மாறுகிறது என்பதையும் சொல்லாவிட்டால் ஆலோசனை அரைகுறையாகிவிடும்.

வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவை எடுத்துக்கொள்வோம். அடுப்பு வெளிச்சத்தில் பானைக்கு முன் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் முகத்தை, கமராவோடு வந்த 18-55 லென்ஸில் 55 மில்லிமீற்றரில் வைத்து எடுக்க முனைந்தால், ஒளி நுழையும் அதன் துவாரம் எஃப் 5.6ஐவிட அகலத் திறக்காது (எஃப் எண் சிறிதானால் துவாரம் பெரிது). ஒளிக்கான உணர்திறனாகிய ஐ.எஸ்.ஓ.வை 6400 வரை உயர்த்தினாலும் ஷட்டர் வேகம் செக்கனில் முப்பதில் ஒரு பங்கிலேயே நின்றுவிடும். அகப்பை பிடித்த கை கலங்கிப்போகும். நெற்றிக் குங்குமத்தின் ஓரம் புள்ளி புள்ளியாகச் சிதறித் தோலின் நிறத்தோடு கலந்துவிடும். அதே கமராவில், 2015இல் வெளிவந்த விலை குறைந்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸைப் பூட்டித் துவாரத்தை எஃப் 2இல் வைத்தால், ஐ.எஸ்.ஓ. 3200க்கு இறங்க, ஷட்டர் 125இல் ஒரு பங்குக்கு ஏறுகிறது. கை தெளிவாக விழுகிறது, குங்குமம் குங்குமமாகத் தெரிகிறது. இதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு: இரண்டு மீற்றர் தூரத்திலிருந்து எடுக்கும்போது, கூர்மையாக விழும் ஆழம் சுமார் அரைச் சாண்தான். கண்ணில் ஃபோகஸ் வைக்கப் பழகாதவருக்கு இந்த லென்ஸ் தொடக்கத்தில் ஏமாற்றம் தரும். பழகிய பிறகு பழைய லென்ஸை இரவில் எடுக்கவே மனம் வராது.

கணக்காகப் பார்த்தாலும் இதுவே சரி. படத்தைப் பதியும் சென்சர் 700டி-யில் சிறியது; அதனோடு ஒப்பிட்டால், பழைய 35 மில்லிமீற்றர் ஃபிலிம் அளவுள்ள முழுச்சட்டச் சென்சரின் பரப்பு சுமார் 2.6 மடங்கு பெரியது. ஒரே துவாரத்தில் அது திரட்டும் ஒளியும் அதே அளவு கூடும். எஃப் 5.6இலிருந்து எஃப் 1.8க்குப் போகும்போதோ ஒளி ஏறத்தாழ பத்து மடங்கு கூடுகிறது. முழுச்சட்டக் கமரா வாங்கி அதில் இருண்ட லென்ஸைப் பூட்டுபவர், பல மடங்கு செலவழித்துக் குறைந்த பயனையே பெறுகிறார். போதாக்குறைக்கு, சிறிய சென்சருக்கென்று செய்த இஎஃப்-எஸ் லென்ஸ்கள் கெனனின் முழுச்சட்ட டி.எஸ்.எல்.ஆர். கமராக்களில் பூட்டவே மாட்டா.

நம் நாட்டில் பணமும் இந்தத் தீர்மானத்துக்குள் வருகிறது. 2022 மார்ச்சில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனதும் புதிய கமராக்கள் எட்டாத விலைக்கு ஏறின. கமரா உடல், அடுத்த மாதிரி வந்தவுடன் மதிப்பிழக்கிறது. கவனமாக வைத்திருந்த லென்ஸ் அவ்வளவு விரைவில் மதிப்பிழப்பதில்லை. ஆனால் மாரி மழை தொடங்கியதும் வன்னியின் ஈரம் லென்ஸுக்குள் பூஞ்சணத்தை வளர்த்துவிடும். பழைய லென்ஸ் வாங்குவோர் பின்பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். கண்ணாடியில் சிலந்தி நூல் போல மெல்லிய இழைகள் கிளைவிட்டிருந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அதை விட்டுவிடுங்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு, ஈரப்பதன் 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கிறதா என்று ஒரு சிறிய ஈரமானியால் பார்த்துக்கொள்வதே நான் பின்பற்றும் வழி.

விடை மாறும் இடத்தை எனக்குக் காட்டியவை பாடசாலைகளின் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள். அங்கே வெயிலுக்குக் குறைவில்லை. ஆகவே அகலத் துவாரமுள்ள லென்ஸ் எதையும் தீர்ப்பதில்லை. 700டி-யில் ஃபோகஸ் புள்ளிகள் ஒன்பதே, அவையும் நடுப்பகுதியில் குவிந்திருப்பவை. செக்கனுக்கு ஐந்து படங்களுக்கு மேல் அது எடுக்காது. நூறு மீற்றர் ஓட்டத்தில் நேராக என்னை நோக்கி வரும் பிள்ளையின் முகம் ஒரு படத்தில் கூர்மையாகவும் அடுத்த படத்தில் மங்கலாகவும் விழும். இதைவிடப் பெரிய கவலை நினைவட்டை. ஒரேயொரு அட்டை மட்டும் போடக்கூடிய கமராவோடு தாலிகட்டு எடுப்பவர், அந்த அட்டை பழுதானால் மணமக்களுக்குச் சொல்லக்கூடிய பதில் எதுவுமில்லை. எந்த லென்ஸும் இந்த இரண்டுக்கும் மருந்தாகாது.

அதனால்தான் இறுதியில் உடலை மாற்றினேன். பலர் கெனனின் முழுச்சட்ட ஆர்6ஐச் சொன்னார்கள், நல்ல கமராதான். ஆனால் மன்னாரின் வங்காலைச் சரணாலயத்துக்குப் பூநாரைகள் வரும் காலத்தில் நான் நம்பியிருப்பது 55-250 லென்ஸை. சிறிய சென்சரில் அதன் 250 மில்லிமீற்றர், முழுச்சட்டத்தில் 400 மில்லிமீற்றர் காட்டும் அளவுக்குப் பொருளை நெருக்கிக் காட்டுகிறது. ஆர்6 டி.எஸ்.எல்.ஆர். அல்லாததால் இந்த இஎஃப்-எஸ் லென்ஸை மாற்றி வளையத்தோடு அதில் பூட்டலாம்; ஆனால் அப்போது 20 மெகாபிக்சலில் நடுப்பகுதியான சுமார் 8 மெகாபிக்சல் மட்டுமே பயன்படும். ஆகவே 2022இல் வந்த, அதே அளவுச் சிறிய சென்சருள்ள ஆர்7ஐத் தெரிந்தெடுத்தேன். இரண்டு நினைவட்டைகள், முகத்தையும் கண்ணையும் தொடர்ந்து பிடிக்கும் ஃபோகஸ், உடலுக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு என எனக்குக் குறையாக இருந்தவை எல்லாம் அதில் இருந்தன. பழைய லென்ஸ்கள் அனைத்தும் ஒரு மாற்றி வளையம் வழியாக அதில் வேலை செய்கின்றன. அந்த வளையத்துக்குள் கண்ணாடி எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதில்லை. 1992இல் வெளிவந்த 85 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ்கூட, 700டி-யில் காட்டாத உறுதியோடு இப்போது கண்ணைப் பற்றிக்கொள்கிறது.

உடல் மாறிய பிறகும் பூநாரைக் கூட்டம் எட்டத்தில்தான் நிற்கிறது. அடுத்துச் சேரும் பணம் 400 மில்லிமீற்றர் வரை நீளும் லென்ஸுக்கே போகும்.