ஸ்டுடியோ ஃபிளாஷில் இன்ஃப்ராரெட் ஃபிலிம் போர்ட்ரெயிட்: வேலூர் அனுபவம்

வெயிலில் இன்ஃப்ராரெட் (கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும்) படம் எடுக்கும்போது பெரிய தொல்லை, அகச்சிவப்பின் அளவு மணிக்கு மணி மாறுவதுதான். ஃபிளாஷில் அது இல்லை. ஒரு டெஸ்ட் ரோலில் கணக்குப் பிடிபட்டுவிட்டால் அடுத்த ரோலுக்கும் அதுவே. ஃபிளாஷின் பவரையும் தூரத்தையும் மாற்றக் கூடாது, அவ்வளவுதான்.

ரோலை இன்ஃப்ராரெட் 400 ஃபிலிமும் ஏறக்குறைய 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பை மட்டும் விடும் ஹோயா ஆர்72 ஃபில்டரும் நல்ல ஜோடி. அதைவிட நீண்ட அலைகளை மட்டும் விடும் 87 ஃபில்டர் வேண்டாம். இந்த ஃபிலிமின் உணர்திறன் 820 நானோமீட்டர் வாக்கில் முடிந்துவிடுவதால் நெகட்டிவ் காலியாக வரும்.

ஃபிளாஷ் மீட்டர் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டுமே அளக்கும். அதனால் மீட்டரில் ஐஎஸ்ஓ 12 வைத்துத் தொடங்கி, அரை ஸ்டாப் இடைவெளியில் ஒரு ஸ்டாப் (ஒளி இரு மடங்கு அல்லது பாதி) மேலும் கீழும் எடுத்துப் பாருங்கள். 400 வாட்-செகண்ட் ஃபிளாஷை சாஃப்ட்பாக்ஸோடு ஒரு மீட்டரில் வைத்தால் எஃப் 5.6 ஒட்டித்தான் கிடைக்கும். எஃப் 8 வேண்டுமென்றால் அறையை இருட்டாக்கி, ஷட்டரை 'பி'யில் (பட்டனை அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கும் நிலை) திறந்துவைத்து ஃபிளாஷை இரண்டு முறை அடிக்க வேண்டும். அப்போது மாடலிங் லைட் (ஃபிளாஷில் தொடர்ந்து எரியும் ஹாலஜன் விளக்கு) அணைந்திருக்கட்டும். ஹாலஜனில் அகச்சிவப்பு ஏராளம். இரண்டு அடிக்கும் இடையே எதிரே இருப்பவர் தலை இம்மி அசைந்தாலும் மூக்கு இரண்டாகிவிடும்.

துணியில்தான் அதிகம் ஏமாறுவோம். அரக்கு நிற ஆரணிப் பட்டு வெளுத்துவிடும். கறுப்புச் சட்டைகூடச் சாயத்தைப் பொறுத்துச் சாம்பலாகும். குங்குமம் நெற்றியில் கரைந்துபோகும். கரி கலந்த கண்மை மட்டும் கறுப்பாகவே நிற்கும். முன்கூட்டியே பார்க்க எளிய வழி, இரவில் சிசிடிவி கேமரா முன் துணியைப் பிடிப்பது. அதன் எல்இடி பெரும்பாலும் 850 நானோமீட்டர் என்பதால் தோராயமாகத்தான் பொருந்தும், ஆனால் பெரிய தவறுகள் அங்கேயே தெரிந்துவிடும்.

மாநிறத் தோலும் கறுப்புத் தோலும் ஆர்72-இல் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுக்கின்றன. முகத்தின் உண்மையான களை போய்விடுகிறது. வாடிக்கையாளரிடம் இதை முன்பே சொல்லிவிடுவதுதான் முறை. எங்கள் தேர்வு 25 எண் சிவப்பு ஃபில்டர், மீட்டரில் ஐஎஸ்ஓ 50: தோல் மிருதுவாகும், நிறம் ஓரளவு நிற்கும்.

ஃபோகஸை ஃபில்டர் இல்லாமல் பார்த்துவிட்டு, லென்ஸிலுள்ள சிவப்புக் குறிக்கு (அகச்சிவப்புக்கான ஃபோகஸ் குறி) நகர்த்துங்கள். ஃபிலிம் ஓட்டத்தை அகச்சிவப்பு எல்இடியால் எண்ணும் ஆட்டோ கேமராவில் அந்த ஒளி பட்டு ஃபிலிமின் ஓரம் புகைபடியலாம். ரோலை நல்ல நிழலிலேயே மாட்டுங்கள்; இதன் அடித்தளம் கண்ணாடிபோல் தெளிவானது, நுனி வழியே வெளிச்சம் உள்ளே ஓடும்.

அடுத்தது ஃபிலிமை டெவலப் செய்வது. மே மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். வழக்கமான 20 டிகிரிக்கு இறக்கப் போராடுவதைவிட, ஐஸ் போட்ட டப்பில் எல்லாக் கரைசலையும் 24-இல் நிறுத்தி, டிகிரிக்கு ஏறக்குறைய 10 சதவீதம் டெவலப்பர் நேரத்தைக் குறைப்பது நிதானமான வழி. கழுவும் தண்ணீரும் அதே டப்பில் இருக்கட்டும்.